கட்டி போயிற்று, கேள்வி போகவில்லை

ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ தோல் தரம் பிரிக்கும் மேசை முன்னால் நிற்பவரைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். உண்ணிக்கடி, முள் கீறல், பழைய சூட்டுத் தழும்பு எல்லாம் ஒரே பார்வையில் அவர் கண்ணில் பட்டுவிடும். பழுதுள்ள தோல் தனியாக ஒதுங்கும். அது தொழில், பல வருடப் பழக்கம். மனித முகத்தைத் தரம் பிரிக்கத்தான் யாருக்கும் பயிற்சியே தேவைப்படுவதில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்தவர் கன்னத்தில் ஒரு தையல் கோடு தெரிந்தால் போதும், கலெக்டர் அலுவலகம் வருவதற்குள் நான்கு பேர் மனதில் நான்கு கதை ஓடிவிடும்.

அந்தக் கோடு தோல் புற்றுக் கட்டியை எடுத்த தழும்பாகவும் இருக்கலாம். தோல் புற்றுநோய் நம்மவர்களுக்கு அரிது. கறுப்பு நிறமி வெயிலைத் தடுத்து ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனால் அரிதாக இருப்பதே இன்னொரு வகையில் தொல்லை. வாய்ப்புற்று, மார்பகப் புற்று என்றால் ஊருக்குப் புரியும். ‘தோலில் கூடவா புற்று வரும்?’ என்று கேட்பவர்களிடம் முதலில் நோயை விளக்க வேண்டும், பிறகு தழும்பை விளக்க வேண்டும்.

சுண்டைக்காய்க் கட்டி, சுண்டுவிரல் நீளத் தழும்பு

முகத்தில் வரும் தோல் புற்றுகளில் பேசல் செல் கார்சினோமா என்ற வகை மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பெரும்பாலும் பரவாது. நம் நிறத்தில் அது கறுப்பு மரு போலவே இருக்கும். அதனால் மூக்கோரத்தில் ஆண்டுக்கணக்கில் சும்மா விட்டு வைத்திருப்பார்கள்.

ஒரு சென்டிமீட்டர் கட்டியை எடுக்க, சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். அந்த வட்டத்தை அப்படியே இழுத்துத் தைத்தால் இரண்டு முனையும் புடைத்து நிற்கும். ஆகவே கண் வடிவில், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டுவார்கள். கணக்குப் போட்டால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. இதை முன்கூட்டியே யாராவது ஒரு தாளில் வரைந்து காட்டியிருந்தால் கட்டுப் பிரித்த அன்றைய அதிர்ச்சி பாதி குறைந்திருக்கும். ‘விளிம்பில் புற்று இல்லை, எல்லாம் சுத்தம்’ என்று மருத்துவர் மகிழ்ச்சியோடு சொல்லும் அதே நிமிடத்தில் நோயாளி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை.

பொட்டு வைக்கும் இடம்

மூக்கில் பெரிய பகுதியை எடுக்க வேண்டி வந்தால், நெற்றித் தோலை ஒரு பட்டையாக எடுத்து, ரத்த ஓட்டம் அறாமல் புருவத்தருகே ஒட்டியிருக்கும்படி கீழே திருப்பி மூக்கில் தைப்பார்கள். இது நம் நாட்டு வித்தை. புனே பக்கம் நடந்த இத்தகைய சிகிச்சையைப் பற்றி 1794இல் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ எழுதியது. அதில் வரும் கவாஸ்ஜி, ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிக்கி மூக்கிழந்தவர். அதைப் படித்துவிட்டுத்தான் 1814இல் கார்ப்யூ என்ற மருத்துவர் லண்டனில் அதைச் செய்து பார்த்தார். மூக்கை அறுப்பது அவமானத்தை முகத்திலேயே எழுதும் தண்டனையாக இருந்த நாட்டில், அதைத் திருப்பிக் கொடுக்கும் கலையும் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தப் பட்டை சுமார் மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே பாலம் போலத் தொங்கும், பிறகுதான் துண்டிப்பார்கள். உடம்புக்கு அது பெரிய வேதனை இல்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் வாசலுக்கு வரக் கூசும். பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை பயந்துவிடுமோ என்று அடுத்த அறையில் சாப்பிடுகிற தாத்தாக்கள் இருப்பார்கள். முன்பே சொல்லி வைத்தால் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

கடைசியில் நெற்றியில் நிற்கும் கோட்டைப் பொட்டோ திருநீறோ நாமமோ மறைத்துவிடும். மூக்குத்தி போட்ட இடம் போனால்தான் எதை வைத்தும் மறைக்க முடியாது. கல்யாணத்தன்று போட்டது, அம்மா கொடுத்தது என்று அதற்கொரு வரலாறு இருக்கும். ஆண்களுக்கு மீசை: மேலுதட்டில் ஒட்டிய தோலில் முடி முளைக்காவிட்டால் மீசை நடுவில் அறுந்து நிற்கும். தழும்பு நீளமானால் துயரமும் நீளும் என்று நினைக்க வேண்டாம். எந்த இடத்தில் விழுந்தது, அந்த இடம் அவருக்கு என்னவாக இருந்தது என்பதே பெரிது.

‘இன்னா ஆச்சு மூஞ்சில?’

வளைகாப்பு, நிச்சயதார்த்தம், பத்தாம் நாள் காரியம், எங்கே போனாலும் இந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். அதன் பின்னால் கேட்காத கேள்விகள் நிற்கும். ஒட்டுமா? பெருவியாதியா? பெண் என்றால், புருஷன் அடித்தானா? ஆசிட்டா? தோல் புற்று தொடுவதால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் ஒட்டாது. ஆனாலும் மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அம்மாவின் தழும்பை மறைத்து வைக்கத் தோன்றும். விசேஷங்களுக்குப் போவது குறையும், போட்டோவில் ஓரத்தில் நிற்பது பழக்கமாகும், பிறகு வேலைக்குப் போவதும் நிற்கும். கொரோனா காலத்து மாஸ்க் எல்லோருக்கும் தொல்லை. இவர்களில் சிலருக்கோ பல வருடத்தில் கிடைத்த நிம்மதி.

வேலூர் முன்பே படித்த பாடம்

இந்தப் பக்கத்துக்கு இது புதிய பிரச்சினை அல்ல. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். கை சரியானவர்களுக்கும் வேலை கிடைக்கவில்லை. புருவம் உதிர்ந்து மூக்கு அமுங்கிய முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். நோய் போய்விட்டது என்ற சான்றிதழை முகம் பொய்யாக்கியது. அதனால் முகத்துக்கும் அறுவை சிகிச்சை வந்தது. தலைத்தோலின் ஒரு கீற்றை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து புருவம் அமைத்தார்கள். அது தலைமுடி அல்லவா, வளர்ந்துகொண்டே போகும். சிலர் பெருமையில் கத்தரிக்காமலே காடாக வளரவிட்டார்களாம்! புருவத்தை அலங்காரம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அங்கேயே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது, முகத்திலும் ஆழமான காயம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானதும் அவரால்தான்.

ஊருக்கும் இதில் வேலை உண்டு. இரண்டாம் உலகப் போரில் முகம் வெந்த விமானிகளுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் சிகிச்சை செய்த மெக்கிண்டோ, அவர்களை ஆஸ்பத்திரிக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊராரிடம் பேசி, உற்றுப் பார்க்காமல் பழகச் சொல்லிவிட்டு, கடைத்தெருவுக்கு அனுப்பினார். நம் ஷூ கம்பெனிகளில் சூப்பர்வைசர்கள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும்: சிகிச்சை முடிந்து திரும்பி வந்தவரைப் பழைய மெஷினிலேயே, பழைய தோழிகள் பக்கத்திலேயே உட்கார வைப்பது. ‘கஷ்டமாக இருக்கும்’ என்று சொல்லி மூலையில் பேக்கிங்குக்கு மாற்றுவதில் கருணை எதுவும் இல்லை.

முதல் ஒன்றரை வருடம்

தழும்பு அடங்க ஒரு வருடம் முதல் பதினெட்டு மாதம் ஆகும். முதல் சில மாதங்களில் சிவந்து, தடித்து, மோசமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வேலூர் வெயிலில் புதுத் தழும்பு கறுக்கும், குடையும் சன்ஸ்கிரீனும் அவசியம். புண் முழுதாக ஆறியபின், மருத்துவரைக் கேட்டு, சிலிகான் ஜெல்லும் மென்மையான மசாஜும் தொடங்கலாம். தடித்து வளரும் கீலாய்டு நம் நிறத்தவருக்கு அதிகம். அதற்கு ஊசி மருந்து உண்டு.

கேள்விக்கு ஒரு பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொள்வது நல்லது. ‘கட்டி இருந்தது, எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்கேன். உங்க பையன் எப்படி இருக்கான்?’ பிரிட்டனில் முகத் தழும்பு உள்ளவர்களுக்காக ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992இல் தொடங்கிய ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ அமைப்பும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லித் தருகிறது: சுருக்கமாகச் சொல், ஒட்டாது என்று உறுதி கொடு, பேச்சை மாற்று.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை, வீட்டைவிட்டு வெளியே வர மனமில்லை என்றால் அரசின் டெலி மனஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். தழும்பின் மேலோ அருகிலோ புதிய முண்டு, கறுப்புப் புள்ளி, ரத்தக்கசிவு, ஆறாத புண் தெரிந்தால் மட்டும், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டிவிடுங்கள்.