ஹப்புக்குள்ளே ஒரு ‘உர்ர்ர்’!

சித்தப்பாவின் ஜீப் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பாட ஆரம்பித்துவிடும். ‘உர்ர்ர்...’ என்று அடிக்குரலில்! வேகம் ஏற ஏற சுதியும் ஏறும். “டயர் சத்தம்டே மக்கா” என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டார். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வளைவுகளில்தான் குட்டு வெளிப்பட்டது. இடப்பக்கம் திரும்பினால் சத்தம் கூடியது. வலப்பக்கம் திரும்பினால் அடங்கியது. திரும்பும்போது வண்டியின் பாரம் எதிர்ப்பக்கம் சாயும். ஆக, கோளாறு வலது சக்கரத்து பேரிங்கில்!

குமரி மாவட்டத்து பேரிங்குகள் பாவம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர். ஆயில் சீல் தேய்ந்தால் போதும், தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். ரோலர் சொறிபிடித்துவிடும். சகித்துக்கொண்டே ஓட்டினால் என்றைக்காவது நடுரோட்டில் சக்கரம் இறுகும், இல்லையென்றால் ஆடிக் கழலும்.

பழைய ஜீப்பின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். அமெரிக்காவில் குதிரைவண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை வாங்கிய சமாசாரம். வீட்டு முற்றத்திலேயே மாற்றலாம். (மாருதி 800-காரர்கள் ஆசைப்பட வேண்டாம். அதற்கு பிரஸ் வேண்டும். சுத்தியலால் சாத்தினால் புது பேரிங்கும் பழசாகிவிடும்!)

பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, ஹப்பைக் கழற்றினார் சித்தப்பா. புது கப்பை ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில், நெய்மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். குளிரில் கொஞ்சம் சுருங்கினால் சுலபமாக உட்காருமாம். சித்தியிடம் வாங்கிய ஏச்சு தனிக்கதை. உள்ளங்கையில் கிரீஸை அள்ளி, ரோலர் இடுக்கெல்லாம் பிதுங்கும்வரை அழுத்தினார்.

தப்பு நடந்தது கடைசியில், நட்டில். “நல்லா இறுக்குனாத்தான் பத்திரம்லா!” என்று பலத்தையெல்லாம் காட்டிவிட்டார். தக்கலை போய்ச் சேர்வதற்குள் வலது ஹப்பில் தோசை சுடலாம் போலிருந்தது. டீக்கடையில் வாங்கின தண்ணீரைத் தெளித்தால்... ‘சுர்ர்!’

ஆற வைத்து, மெதுவாக உருட்டி வந்து, மறுநாள் மறுபடி பிரித்தோம். கிரீஸ் உருகிப் போயிருந்தது. நல்லவேளை, ரோலர் நீலம் பாரிக்கவில்லை. பாரித்திருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். இந்த முறை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, அது பிடிக்கும்வரை நட்டை இறுக்கினார். அப்புறம் ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தினார். மேலே லாக் வாஷர், இரண்டாவது நட்டு. வாஷரை மடித்துவிட்டால் நட்டு அசையாது.

மறுபடி தக்கலை. ஹப்பில் கை வைத்தால் வெதுவெதுப்புதான். ‘உர்ர்ர்’ போயே போச்சு. வரும் வழியில் சித்தப்பா முகம் மட்டும் சரியில்லை.

“என்ன சித்தப்பா?”

“இப்பத்தான் மக்கா, கியர்பாக்ஸ் சத்தம் கேக்கு!”