ரெண்டு காலும் சமமா பாஸ்?

ஃபுட்பால்ல எந்தக் கால்ல ஷூட் பண்றீங்க? லே-அப் போடும்போது எந்தக் கால்ல எம்புறீங்க? பெரும்பாலும் ஒரே கால்தானே! வருஷக்கணக்கா இப்படி ஆடினா ரெண்டு காலின் பலத்திலும் பேலன்ஸிலும் வித்தியாசம் வந்துடும். பழைய கணுக்கால் சுளுக்கும் ஒரு காரணம். வலி போயிடும், போன பலம் தானா திரும்பாது.

அதனால என்னங்கறீங்களா? 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பள்ளி பாஸ்கெட்பால் ப்ளேயர்கள் 235 பேரை ஒற்றைக் காலில் நிற்கவைத்து, மறுகாலை முன்னால் எவ்வளவு தூரம் நீட்ட முடியுதுன்னு அளந்தாங்க. ரெண்டு காலுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தவங்களுக்கு, அந்த சீஸனில் காலில் அடிபடும் வாய்ப்பு 2.5 மடங்கு அதிகம்!

உடனே பயந்துடாதீங்க. உசேன் போல்ட்டுக்கு முதுகெலும்பே கொஞ்சம் வளைவு. அவரோட வலது கால், இடது காலைவிட சுமார் 13 சதவிகிதம் அதிக விசையோட தரையில் இறங்குதுன்னு 2017-ல் டல்லாஸ் ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. அந்தக் கால்களோடதான் மனுஷன் 2009-ல் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார்! ஆக, வித்தியாசம் இருக்கறதே நோய் இல்லை. ஆனா, எவ்வளவு இருக்குன்னு தெரியாம ஆடறதுதான் ரிஸ்க்.

நீங்களே டெஸ்ட் பண்ணலாம். தேவை ஓர் இன்ச் டேப், ஒரு ஃப்ரெண்ட். நல்லா வார்ம்-அப் பண்ணிட்டு, ஒற்றைக் காலில் முன்னோக்கித் தாவி, அதே காலில் ஆடாம நில்லுங்க. தூரத்தைக் குறிச்சுக்கங்க. ஒரு காலுக்கு மூணு சான்ஸ். வலது 150 செ.மீ., இடது 130-ன்னா, 130-ஐ 150-ஆல் வகுத்து நூறால் பெருக்கினா சுமார் 87 சதவிகிதம். முழங்கால் காயத்திலிருந்து மீண்டவங்களைக் களத்தில் இறக்கும் முன் பிசியோக்கள் பார்க்கறதும் இதைத்தான். அங்கே பொதுவா 90 வேணும். காலில் வலி, வீக்கம் இருக்கிறவங்க மட்டும் இதை முயற்சிக்காம டாக்டரைப் பாருங்க.

மார்க் கம்மியா? ஒற்றைக் கால் ஸ்குவாட், ஸ்டெப்-அப், லஞ்சஸ். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் போதும். ஒரே ரூல்: வீக்கான காலில் முதல்ல ஆரம்பிங்க. அது எத்தனை தடவை செய்யுதோ, பலமான காலும் அத்தனைதான். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிக்கறதும் பேலன்ஸுக்கு நல்ல பயிற்சி. ஆறு வாரம் கழிச்சு மறுபடி அளந்து பாருங்க.

டோர்னமென்ட்டுக்கு முன்னாடி ஷூவை செக் பண்றோம், ஜெர்ஸியை செக் பண்றோம். அதோட காலையும் அளந்துடுங்க. எம்.ஆர்.ஐ. ஸ்கேனைவிட இன்ச் டேப் ரொம்ப சீப்!