சாவி யார் இடுப்பில்? – 14: ஒரு ‘லாம்’ செய்த வேலை

சென்ற வாரம் 1958-ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிகள் சட்டத்தில் நின்றோம். ஜில்லா போர்டு போய் ஊராட்சி ஒன்றியம் வந்த கதை. கூடவே வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும். 1989 அக்டோபர் 13 அன்று மாநிலங்களவையில் ஊராட்சி மசோதா மீது நடந்த வாக்கெடுப்பை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் கமுதியில் ஒரு பெரியவர் சொன்ன ஒரு சொல் குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

கமுதிக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரை. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். ஆடுகளை மடக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம், “இந்தக் கம்மா யாரு பொறுப்புல இருக்குங்கய்யா?” என்று கேட்டேன்.

“அதத்தான்யா நானும் கேட்டுக்கிட்டுத் திரியிறேன். மரம் வெட்டணும்னா ஒரு ஆபீசு. வண்டல் அள்ளணும்னா ஒரு ஆபீசு. மடை பொத்துக்கிட்டா இன்னொரு ஆபீசு. எங்க போனாலும் ‘பாக்கலாம்’கிறாக. பாக்கலாம்னா என்னான்னு நமக்குத் தெரியாதா?”

தெரியும். கல்யாணத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டால் “வரலாம்” என்கிறவருக்கு நாம் இலை போட்டு வைப்பதில்லை. ‘லாம்’ என்று முடிகிற வினையில் அனுமதி இருக்கிறது, வாய்ப்பு இருக்கிறது, கடமை கிடையாது. கடமைக்குத் தமிழில் ‘வேண்டும்’ இருக்கிறது.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் மடியில் அரசமைப்புச் சட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு ‘வேண்டும்’ எங்கே, ‘லாம்’ எங்கே என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பரமக்குடி வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பல வருடங்களாகப் படித்த பக்கங்கள்தான். இதை இப்படிப் பார்த்ததில்லை.

இரண்டு பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 40-ஆவது பிரிவு, 1950 முதல் இருப்பது. அரசு கிராம ஊராட்சிகளை அமைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், அவை தன்னாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரங்களை வழங்க வேண்டும் என்கிறது. மற்றொன்று 243-ஜி, 73-ஆவது திருத்தத்தால் 1993-இல் வந்தது. மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்குத் தேவையான அதிகாரங்களைச் சட்டத்தின் மூலம் வழங்கலாம் என்கிறது. ஏறக்குறைய அதே சொற்கள். 43 ஆண்டுகளில் ‘வேண்டும்’ தேய்ந்து ‘லாம்’ ஆகியிருக்கிறது.

இதில் மனதை அறுப்பது வேறொன்று. 40-ஆவது பிரிவு வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. அதை மீறினால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று 37-ஆவது பிரிவே கதவைச் சாத்திவிடுகிறது. 243-ஜி நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடிய பகுதியில் இருக்கிறது. கேட்க முடியாத இடத்தில் ‘வேண்டும்’ என்று எழுதினார்கள். கேட்கக்கூடிய இடத்தில் ‘லாம்’ என்று எழுதினார்கள்.

அந்த முதல் ‘வேண்டும்’ எப்படி உள்ளே வந்தது? இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதைக் கொண்டுவந்தவர் நம்மூர்க்காரர். அரசமைப்பின் வரைவு 1948-இல் வெளியானபோது அதில் கிராம ஊராட்சி என்ற சொல்லுக்கே முக்கிய இடமில்லை. அரசமைப்பு நிர்ணய அவைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அந்த மே மாதமே அரசமைப்பு ஆலோசகர் பி.என்.ராவுக்குக் கடிதம் எழுதி, கிராமத்திலிருந்து மேலே போகிற அமைப்பாக இதை மாற்ற முடியுமா என்று கேட்டார். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. நவம்பர் 4 அன்று வரைவை அவையில் முன்வைத்த அம்பேத்கர், கிராமம் குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் ஊறிக் கிடக்கும் குட்டை என்ற பொருளில் பேசினார். கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்கு மகிழ்கிறேன் என்றார். அவை கொதித்தது. காந்தி மறைந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. உறுப்பினர் மாற்றி உறுப்பினர் எழுந்து கிராமத்துக்காகப் பேசினார்கள்.

நவம்பர் 22 அன்று கே.சந்தானம் எழுந்தார். தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர், ராஜாஜியின் தோழர், பத்திரிகையாளர். வரைவின் 31-ஆவது பிரிவுக்குப் பிறகு 31-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியத்தை முன்மொழிந்தார். அதுதான் இன்றைய 40-ஆவது பிரிவு. அம்பேத்கர் வாதாடவில்லை. திருத்தத்தை ஏற்கிறேன் என்று ஒரு வரியில் முடித்தார். சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் டி.பிரகாசம் உள்ளிட்டோர் எழுந்து வரவேற்றார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை எழுதிய சந்தானம் அதோடு ஊராட்சியை மறந்துவிடவில்லை. ஊராட்சிகளின் நிதியை ஆராய 1963-இல் ஒரு குழு அமைந்தபோது அதன் தலைவர் அவரே. ஊராட்சித் தேர்தல்களை ஆராய்ந்த 1965-ஆம் ஆண்டுக் குழுவுக்கும் அவரே தலைவர். ஊழல் தடுப்புக் குழுவைச் சொன்னால்தான் இன்று பலருக்குச் சந்தானத்தைத் தெரிகிறது. எனக்கு அவர், ஒரு வினைச்சொல்லை நட்டுவிட்டுப் பதினைந்து வருடம் கழித்து அது பிழைத்திருக்கிறதா என்று வேரைத் தோண்டிப் பார்க்க வந்த மனிதர்.

அதே சந்தானம் அன்றைய உரையில் இன்னொன்றும் சொன்னார். என்ன அதிகாரம், எவ்வளவு எல்லை என்பதெல்லாம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அரசமைப்பில் இறுக்கமாக எழுதி வைக்கக் கூடாது என்றார். ஆக, 1993-இன் ‘லாம்’ விதையாக அந்த உரைக்குள்ளேயே இருந்திருக்கிறது. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் ஐந்தாவது இனம். தில்லி ‘வேண்டும்’ என்று ஆணையிட்டால் மாநிலம் முகம் சுளிக்கும். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். மாநில உரிமைக்குக் குரல் கொடுத்து வளர்ந்த மண் இது. ஆனால் தில்லியிடம் நாம் கேட்ட அதே உரிமையைக் கமுதி சென்னையிடம் கேட்கும்போது என்ன பதில் சொல்கிறோம் என்பதுதான் இந்தத் தொடர் முழுக்க என்னை விரட்டுகிற கேள்வி.

1992-க்கு வருவோம். 73-ஆவது திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது டிசம்பர் 22 அன்று, மாநிலங்களவை மறுநாள். பாபர் மசூதி இடிக்கப்பட்டுப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. நாடு எரிந்துகொண்டிருந்தது. நாதுராம் மிர்தா தலைமையில் கூட்டுக்குழு உட்கார்ந்து செதுக்கிய மசோதா, செய்தித்தாளின் உள்பக்கத்துக்குரிய செய்தியாகக் கடந்துபோனது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதில் ‘வேண்டும்’ எங்கெல்லாம் இருக்கிறது? ஊராட்சி அமைக்கப்பட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வேண்டும். மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும். ‘லாம்’ எங்கே இருக்கிறது? அதிகாரம் வழங்கலாம். வரி விதிக்க அனுமதிக்கலாம். கிராம சபை இன்னின்ன செய்யலாம். பதினோராவது அட்டவணையின் 29 துறைகளும் இந்த ‘லாம்’ என்ற ஆணியில்தான் தொங்குகின்றன. நாற்காலிக்கு ‘வேண்டும்’ போட்டார்கள். மேசையின் மேல் இருக்கும் கோப்புக்கு ‘லாம்’ போட்டார்கள்.

ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நம் பக்கத்து மாவட்டங்களையே காட்டுவேன். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல். 1996-இல் இந்த ஊர்களின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் தேர்தல் நடக்கவில்லை, அல்லது வென்றவரே உடனே விலகினார். மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன், தலைவரானதற்காகவே 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அம்பேத்கர் 1948-இல் எதற்கு அஞ்சினாரோ அது ரத்தமாகக் கண்ணெதிரே ஓடியது. ஆனால் அந்த ஊர்களில் தேர்தலைத் தள்ளிப்போட முடிந்தவர்களால் ஒதுக்கீட்டைத் தள்ளிவைக்க முடியவில்லை. அது ‘வேண்டும்’ என்று எழுதப்பட்டிருந்தது. 2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது; தலைவர்கள் உட்கார்ந்தார்கள்.

இதில் இன்னொரு நியாயமும் உண்டு. 1932-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராம ஊராட்சி மசோதா வந்தபோதே, ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனி இடம் இல்லாமல் இதை ஏற்க மாட்டேன் என்று அம்பேத்கர் பேசியிருக்கிறார். அறுபது ஆண்டு கழித்து 243-டி அந்த இடத்தைத் தந்தது. கிராமத்தை அவர் வெறுத்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் 1932-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘லாம்’ என்ன செய்யும் என்பதற்குக் கமுதியே சாட்சி. கமுதி பேரூராட்சி. 2004-இல் தமிழ்நாட்டின் 561 பேரூராட்சிகள் அரசாணையால் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ ஆக்கப்பட்டன. 2006-இல் ஆட்சி மாறியதும் அதே ஊர்கள் மறுபடி பேரூராட்சி ஆயின. ஊர் நகரவில்லை, குண்டாறு இடம் மாறவில்லை. ஓர் ஊர் நகரமா கிராமமா என்று அந்த ஊரைக் கேட்காமலே இரண்டு முறை தீர்மானிக்க முடிந்தது.

இப்போது பெரியவரின் கண்மாய்க்கு வாருங்கள். பதினோராவது அட்டவணையின் மூன்றாவது இனமே சிறுபாசனமும் நீர் மேலாண்மையும்தான். தமிழ்நாட்டு நடைமுறையில் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைவான கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நெடுங்காலம் பொதுப்பணித் துறையிடம் இருந்தன. இப்போது நீர்வளத் துறையிடம். ஊருணி கிராம ஊராட்சியிடம். ஆனால் தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது. மேலக் கண்மாயின் கலுங்கு வழிந்தால் அது வரத்துக்கால் வழியாகக் கீழக் கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. ராமநாதபுரத்துக் கண்மாய்கள் சங்கிலியாகக் கோத்தவை. அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி ஓர் அலுவலகத்தில், அடுத்த கண்ணி வேறோர் அலுவலகத்தில். மடையைத் திறந்து மூடத் தெரிந்த ஊர், முடிவெடுக்கும் இடத்தில் இல்லை.

இதே அரசமைப்பு, இதே ‘லாம்’ கேரளத்துக்கும் உண்டு. 1996-இல் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தார்கள். ‘வழங்கலாம்’ என்றிருந்ததை வழங்கிவிட்டார்கள். மனமிருந்தால் ‘லாம்’ தடையில்லை. மனமில்லாதபோது தட்டிக்கேட்க வழியில்லை என்பதுதான் அதன் குறை.

‘வேண்டும்’ என்று எழுதியதையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாண்டுக்குள் தேர்தலை நடத்தியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தெளிவாகச் சொன்ன பிறகும், நம் ஊராட்சிகள் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களிடம் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அதில் வென்ற ராமநாதபுரம் மாவட்டத்தின் 429 ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ‘வேண்டும்’ இருக்கும் இடத்தில் இந்த நிலை என்றால், ‘லாம்’ மட்டும் இருக்கும் இடத்தில் அந்தக் கரையில் நின்றவர் யாரிடம் போய் நிற்பார்?

என் கட்சி இதுதான். அதிகாரம் வழங்கலாம் என்ற வரியை வழங்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றமே தன் சட்டத்தில் எழுதிக்கொள்ள முடியும். அதற்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நம் கையில் இருக்கிற சட்டம். முதலில் கண்மாயிலிருந்து தொடங்கலாம் என்று எழுத வந்தது. அடித்துவிட்டேன். தொடங்க வேண்டும்.

பக்கம் முடிந்துவிட்டது, 1989 அப்படியே நிற்கிறது. ராஜீவ் காந்தி அந்த மே 15 அன்று தானே முன்மொழிந்த 64-ஆவது திருத்த மசோதா, மக்களவையை எளிதாகத் தாண்டியது. மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சில வாக்குகள் குறைந்து விழுந்தது. மாநிலங்களைத் தாண்டித் தில்லி கிராமத்தைத் தொடப் பார்க்கிறது என்று எதிர்த்தவர்கள் சொன்னதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அச்சம்? அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஊராட்சிகளில் கிராம சபை கூடும்போது பேரூராட்சியான கமுதியில் வசிப்பவர் எங்கே போய்ப் பேசுவது என்ற கேள்வியும் அதனோடு வரும்.

(தொடரும்)