மேடை விளக்கில் ஹாலோஜன் போய் எல்.இ.டி. – மாற்றுமுன் கணக்குப் பார்ப்போம்!

நம் சங்கத்தில் மளிகை, பலசரக்கு வியாபாரிகளுடன் கல்யாண மண்டபம் நடத்துவோர், லைட் செட் வாடகைக்கு விடுவோர், எலக்ட்ரிகல் கடை வைத்திருப்போர் எனப் பலதரப்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். மற்றவர்களும் கடை ஆண்டு விழா, மே 5 வணிகர் தினம், வீட்டுத் திருமணம் என்று மேடை விளக்குக்கு வாடகை கொடுக்கிறவர்களே. பழைய ஹாலோஜன் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடுவது லாபமா என்பது இவர்கள் அனைவருக்கும் உரிய கேள்வி. லாபம்தான். ஆனால் முறை தெரியாமல் மாற்றினால் போட்ட முதலே நஷ்டமாகிவிடும்.

மிச்சம் எவ்வளவு?

ஒரு மேடையில் 1000 வாட் ஹாலோஜன் விளக்குகள் 24 இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழு வெளிச்சத்தில் மணிக்கு 24 யூனிட். 4 மணி நேர நிகழ்ச்சிக்கு 96 யூனிட். அவற்றின் இடத்தில் தலா 200 வாட் எல்.இ.டி. மேடை விளக்குகளை வைத்தால் அதே 4 மணி நேரத்துக்கு 19.2 யூனிட் மட்டுமே. மிச்சம் 76.8 யூனிட். டிம்மரில் குறைத்து எரிக்கும்போது ஹாலோஜனும் குறைவாகவே மின்சாரம் இழுக்கும்; எனவே உண்மையான மிச்சம் சற்றுக் குறையலாம்.

ஹாலோஜன் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடுகிறது. ஏ.சி. மண்டபத்தில் அந்தச் சூட்டைத் தணிக்க மறுபடியும் மின்சாரம் செலவாகிறது. எல்.இ.டி.க்கு மாறினால் சிறிய ஜெனரேட்டரே போதும் என்பது லைட் செட்காரர்களுக்கு மற்றொரு லாபம்.

பல்பை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

சிக்கல் டிம்மரில் இருக்கிறது. நம் மேடைகளில் உள்ள பழைய டிம்மர்கள் மின்சார அலையை ஒவ்வொரு அரை அலையிலும், அதாவது நொடிக்கு 100 முறை, வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. ஹாலோஜனுக்குள் இருப்பது சூடேறி ஒளிரும் டங்ஸ்டன் இழை. மின்சாரம் விட்டு விட்டு வந்தாலும் இழையின் சூடு சட்டென்று தணியாது. அதனால் ஒளி சீராக ஏறி இறங்குகிறது.

எல்.இ.டி. அப்படியல்ல. அதற்குள் டிரைவர் என்ற மின்னணுப் பகுதி உண்டு. வெட்டுப்பட்ட அலை வந்தால் பல டிரைவர்கள் தடுமாறும். விளக்கு துடிக்கும், குறைத்துக்கொண்டே வரும்போது திடீரென்று அணையும், அணைத்த பிறகும் மங்கலாக எரியும். 1000 வாட் சுமைக்கென்று செய்த டிம்மரில் 10 வாட் பல்பை மாட்டினால், டிம்மர் ஒழுங்காக வேலை செய்யத் தேவையான சுமையே அதற்குக் கிடைப்பதில்லை.

ஃபோகஸ் லைட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் கண்ணாடியும் லென்சும் சிறிய இழை ஒன்றின் ஒளிக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டவை. ஒளி பரவலாக வரும் எல்.இ.டி. பல்பை அங்கே வைத்தால் ஒளிக்கற்றை கலைந்துவிடும். மூடிய கூட்டுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் டிரைவரும் சீக்கிரம் பழுதாகும்.

ஆகவே பெரிய அரங்குகள் விளக்கையே முழுதாக மாற்றுகின்றன. புதிய விளக்குக்கு நேரடி மின்சாரம் ஒரு வழியில் போகிறது. கூட்டு, குறை என்ற கட்டளை தனிக் கம்பியில் போகிறது. டி.எம்.எக்ஸ். 512 எனப்படும் இந்தக் கட்டளை முறையை அமெரிக்க நாடகத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்று 1986-ல் வகுத்தது. ஒரே கம்பியில் 512 சேனல்களை இயக்கலாம். செலவுக் கணக்கில் விளக்கின் விலையோடு கட்டுப்பாட்டுப் பலகை, புதிய ஒயரிங், கூலி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஐரோப்பா தரும் பாடம்

2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய விளக்கு விதிகளுக்கான வரைவை வெளியிட்டது. வாட்டுக்கு 85 லூமன் ஒளி தராத விளக்குகளை 2020 செப்டம்பர் முதல் சந்தைக்குக் கொண்டுவர முடியாது என்ற நிலை அதனால் உருவானது. மேடை ஹாலோஜன் எதுவும் அந்த அளவை எட்டாது. மேடைக்கென வந்த எல்.இ.டி. விளக்குகளிலும் பல எட்டவில்லை. பல்பு கிடைக்காமல் போனால் விளக்கு, டிம்மர், ஒயரிங் அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். சிறிய அரங்குகளுக்கு அது கட்டுப்படியாகாது.

அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனின் ஒளி வடிவமைப்பாளர்கள் சங்கம் முன்நின்று பிரசாரம் செய்தது. நாடகத் துறையினரும் மற்ற நாட்டு அமைப்புகளும் சேர்ந்து குரல் கொடுத்தன. பலன் கிடைத்தது. 2019-ல் இறுதியான விதிகளில், மேடைக்கே உரிய பல்பு ரகங்கள் பலவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. விதிகள் 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒன்றுபட்டுப் பேசினால் அவகாசம் கிடைக்கும் என்பது சங்கமாக இயங்கும் நமக்குப் புதிய செய்தி அல்ல. கிடைத்த அவகாசத்தில் மாற்றத்துக்குத் தயாராவதுதான் புத்திசாலித்தனம். எல்.இ.டி. பெருகப் பெருக ஹாலோஜனின் விற்பனை சுருங்கும், தயாரிப்பவர்களும் குறைவார்கள்.

நிறம் முக்கியம்

ஹாலோஜனைக் குறைக்கக் குறைக்க ஒளி மஞ்சளாகி, பிறகு செம்மையாகும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. குறைந்தாலும் அதே வெள்ளையாகவே இருக்கும். மணமேடையில் முகங்கள் வெளிறித் தெரிவதற்கு மட்டமான எல்.இ.டி.யும் ஒரு காரணம்.

இது நம் கடைகளுக்கும் பொருந்தும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை சி.ஆர்.ஐ. என்ற எண் சொல்கிறது. அதன் உச்சம் 100. மலிவான விளக்கின் கீழ் மிளகாய் வற்றலும் தக்காளியும் சோபை இழந்து காணப்படும்; நல்ல சரக்கு பழைய சரக்குபோல் தோன்றும். சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் உள்ளதா என்றும், சிவப்பைக் காட்டும் ஆர் 9 அளவு என்ன என்றும் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க:

1. ஒன்றிரண்டு விளக்குகளை மட்டும் முதலில் வாங்கி, நம் மேடையிலேயே சோதிக்க வேண்டும்.

2. முழு ஒளியிலிருந்து 10 நொடியில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் படிப்படியாகத் துள்ளினால் அந்த ரகம் வேண்டாம்.

3. வீடியோ கேமராவில் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக ஓடும். கல்யாண வீடியோ கெட்டால் பழி மண்டபத்துக்கும் லைட் செட்டுக்கும்தான்.

4. டிம்மரை முழுதாகத் திறந்து வைத்து அதிலிருந்தே புதிய விளக்குக்கு இணைப்புக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், விளக்குத் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

5. கச்சேரி நடக்கும் அரங்கானால், விளக்கின் உள்ளே உள்ள மின்விசிறிச் சத்தத்தையும் கவனிக்க வேண்டும்.

6. கடையின் சுவர் டிம்மருக்கு எல்.இ.டி. வாங்கும்போது, டிம்மரில் வேலை செய்யும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும்.

7. பில், உத்தரவாதம், டிரைவர் தனியாகக் கிடைக்குமா என்ற விவரம் ஆகிய மூன்றும் இல்லாமல் மொத்தமாக வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் எரியும் பொது விளக்குகளை முதலிலும், ஏற்றி இறக்கும் முகப்பு விளக்குகளைப் பிறகும் மாற்றலாம். எடுத்த ஹாலோஜன் பல்புகள், மிச்சமுள்ள விளக்குகளுக்கு உதிரியாகப் பயன்படும். ஆழம் பார்த்துக் காலை விடுவது வணிகர் வழக்கம். விளக்கு விஷயத்திலும் அதையே கடைப்பிடிப்போம்.