அழுத பையன் எழுதிய புத்தகம்

வயது 15. அம்மா எப்போதோ போய்விட்டாள். இப்போது அப்பாவும் போய்விட்டார்.

வீட்டில் பணம் இல்லை. படிப்பு பாதியில் நிற்கிறது. கல்யாணம் மட்டும் ஆகிவிட்டது! மனைவி இன்னும் சிறு பெண். இனி என்ன செய்வது? யாரிடம் போய் அழுவது?

1898-ம் ஆண்டு எட்டயபுரத்தில் இப்படித் திகைத்து நின்றான் ஒரு பையன். வீட்டில் அவனைச் சுப்பையா என்று கூப்பிடுவார்கள். அவனைத்தான் பின்னால் நாடு பாரதியார் என்று கொண்டாடியது.

அந்தத் துயரத்தைப் பாரதியார் மறக்கவில்லை. 12 ஆண்டுகள் கழித்து அதை ஒரு புத்தகமாக எழுதினார். அதன் பெயர் "கனவு".

மேல்நாடுகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு என்றே நாவல்கள் எழுதுகிறார்கள். தாயை இழந்த பெண், தம்பியை இழந்த அண்ணன், படம் வரைந்தும் பாட்டுப் பாடியும் மனம் தேறுவதை அந்தக் கதைகள் சொல்கின்றன. நம் தமிழில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஒரு புத்தகம் பிறந்துவிட்டது. அது கற்பனை அல்ல. நடந்த கதை. நாவலாக இல்லாமல், 49 பாட்டுகளாக இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

தனியே நின்ற சிறுவன்

பாரதியார் பிறந்தது 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி. அப்பா சின்னசாமி அய்யர். எட்டயபுரம் அரண்மனையில் செல்வாக்கு உள்ளவர். கணக்கில் புலி. இயந்திரத் தொழிலும் தெரிந்தவர். அம்மா லட்சுமி அம்மாள்.

மகனுக்கு 5 வயது ஆனபோது அம்மா இறந்துவிட்டாள். பிறகு அப்பா மறுமணம் செய்து கொண்டார்.

மகன் தன்னைப் போலவே கணக்கில் கெட்டிக்காரன் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தெருவில் போய் விளையாட விடமாட்டார். மற்றப் பிள்ளைகள் மரம் ஏறுவார்கள். ஓடிப் பிடித்து ஆடுவார்கள். இந்தப் பையன் அப்பாவுக்குப் பயந்து, புத்தகங்களோடு தனியாக இருப்பான். வேறு தோழமையே இல்லாமல் வருந்தியதை "கனவு" புத்தகத்தில் அவரே சொல்லுகிறார்.

அந்தத் தனிமையில் பையனுக்குத் துணையாக வந்தது பாட்டு. 11 வயதிலேயே புலவர்கள் கூடிய சபையில் "பாரதி" என்ற பட்டம் கிடைத்துவிட்டது! அப்பாவின் ஆசை ஒரு பக்கம் இழுத்தது. பிள்ளையின் மனம் வேறு பக்கம் ஓடியது.

நெல்லைக்குப் போனான்

1894-ம் ஆண்டு அப்பா மகனைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். இந்துக் கல்லூரிப் பள்ளியில் இங்கிலீஷ் படிப்பு. அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் நெல்லை டவுனில் இருக்கிறது.

மகன் பெரிய உத்தியோகத்துக்குப் போவான் என்று அப்பா எண்ணியிருப்பார். ஆனால் மகன் மனத்தில் அந்தப் படிப்பு ஒட்டவில்லை. கம்பர் யார், வள்ளுவர் யார், இளங்கோ யார், அசோகரும் சிவாஜியும் செய்தது என்ன என்று சொல்லித்தராத படிப்பு ஒரு படிப்பா என்று பின்னால் கேட்டார். சிங்கக் குட்டியைப் புல் தின்ன அனுப்பியது போல அப்பா தம்மை அனுப்பிவிட்டார் என்று எழுதினார்.

கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு உள்ளே பாசமும் இருக்கிறது. அப்பா கெட்டவர் என்று அவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் அப்பா செய்தார். அது பிள்ளைக்கு நன்மையாக முடியவில்லை. இப்படி எத்தனை வீடுகளில் நடக்கிறது!

சிறுவர் கல்யாணம்

1897-ம் ஆண்டு ஜூன் மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 14. பெண்ணுக்கு 7! பெண் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மா.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் கடையம். அந்தப் பக்கத்து மலை ஆறுகள் ஓடிவந்து தாமிரபரணியில் கலக்கின்றன. அன்று திருநெல்வேலி மாவட்டம். இன்று தென்காசி மாவட்டம்.

பால்குடி மறக்காத பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் மூடத்தனத்தைப் பாரதியார் தம் புத்தகத்தில் சாடுகிறார். தம் மனம் அந்தக் கல்யாணத்தில் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. பத்து வயதில் வேறொரு சிறுமி மீது கொண்ட அன்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறார்.

சிறுவர் கல்யாணத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது 1929-ல்தான்.

அப்பாவின் ஆலை

எட்டயபுரம் கரிசல் மண். பருத்தி விளையும் பூமி. அங்கே பஞ்சு ஆலை வைத்தால் நாலு பேர் பிழைக்கலாம் என்று சின்னசாமி அய்யர் கணக்குப் போட்டார். கைப்பணத்தைக் கொட்டினார். ஆலை நிலைக்கவில்லை. போட்ட பணமும் போயிற்று. வெள்ளையரின் சதியே காரணம் என்கிறார் பாரதியார்.

பணம் போனது. அந்தக் கவலையில் அப்பாவின் உடம்பும் குலைந்தது. 1898-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் கண்ணை மூடிவிட்டார்.

பணம் இல்லாதவனுக்குச் சொந்தமும் இல்லை, துணையும் இல்லை என்று பாரதியார் எழுதுகிறார். மனத்தில் தெளிவு இல்லை, உடம்பில் தெம்பு இல்லை, இந்த நாட்டில் நான் ஏன் பிறந்தேன் என்று கதறுகிறார். வீரம் பேசிய பாரதியாரைத்தான் நமக்குத் தெரியும். இப்படி வாய்விட்டு அழுத பாரதியாரைப் பலருக்குத் தெரியாது.

அப்பா இறந்த பிறகு காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் பையனுக்கு அடைக்கலம் கொடுத்தார். அங்கேதான் படிப்பு தொடர்ந்தது.

அவர் கேட்டது என்ன?

"கனவு" 1910-ம் ஆண்டு வெளிவந்தது. அப்போது பாரதியார் புதுச்சேரியில் இருந்தார். மறு ஆண்டே சென்னை சர்க்கார் அதற்குத் தடை போட்டுவிட்டது. அப்பாவை இழந்த பிள்ளையின் கண்ணீரைப் பார்த்துக்கூட வெள்ளைக்கார சர்க்கார் பயந்தது!

அந்தப் புத்தகத்தின் முடிவைக் கவனிக்க வேண்டும். பணம் போனதால் அப்பாவை இழந்தவர். பணத்தின் பெருமைக்கு ஒரு பகுதியே ஒதுக்கியவர். அவர் கடைசியில் கடவுளிடம் என்ன கேட்கிறார் தெரியுமா? பணம் கேட்கவில்லை. போனதைத் திருப்பித் தா என்றும் கேட்கவில்லை.

புத்தி தெளிய வேண்டும், நெஞ்சு உறுதிப்பட வேண்டும், உள்ளத்தில் அன்பு பெருக வேண்டும் என்று கேட்கிறார்.

அழுது முடித்தவன்தான் இப்படிக் கேட்க முடியும். அழுகையை அடக்கியவனால் முடியாது.

கடையத்துப் பெண்

1918-ம் ஆண்டு பாரதியார் புதுச்சேரியை விட்டு வந்தார். கடலூரில் கைது ஆனார். விடுதலை ஆனதும் மனைவியின் ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே சுமார் 2 ஆண்டு வாசம்.

1920-ல் அங்கிருந்து ஒரு பெரிய திட்டம் போட்டார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக அச்சிட வேண்டும். ஒவ்வொன்றிலும் 10 ஆயிரம் பிரதி! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை ஊர் ஊராகப் பரவ வேண்டும்.

பணம் வரவில்லை. திட்டம் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சென்னையில் அவர் காலமானார். வயது 38.

இப்போது துயரம் செல்லம்மாவின் முறை. அவருக்கு வயது 31. இரண்டு பெண்கள். கையில் காசு இல்லை. கணவர் விட்டுப் போன சொத்து காகிதக் கட்டுகள்தான்.

செல்லம்மா அந்தக் காகிதங்களைக் கைவிடவில்லை. உற்றாரின் துணையோடு "பாரதி ஆசிரமம்" என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கி, 1922-ல் கணவரின் நாட்டுப் பாட்டுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பிறகு கணவரின் வரலாற்றைத் தாமே சொல்லி எழுதவும் வைத்தார். அது 1941-ல் வெளிவந்தது.

விரும்பாத கல்யாணம் என்று எந்தக் கல்யாணத்தைப் பாரதியார் எழுதினாரோ, அந்தக் கல்யாணத்தில் வந்த பெண்தான் அவர் எழுத்தைக் காப்பாற்றினார்! அப்பாவை இழந்த மகன் ஒரு புத்தகம் எழுதினான். கணவரை இழந்த மனைவி புத்தகங்களை அச்சிட்டாள். இருவருமே துயரத்தை மூலையில் போட்டு மூடி வைக்கவில்லை.

1949-ல் பாரதியார் நூல்களின் உரிமையைச் சர்க்கார் வாங்கியது. பிறகு அவை எல்லோருக்கும் சொந்தம் ஆயின. 1955-ல் செல்லம்மா கண்ணை மூடும் முன்பு அதையும் பார்த்துவிட்டார். இன்று பாரதியார் பாட்டு இல்லாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை. கடையத்தில் கண்ட தீப்பெட்டிக் கனவு பலித்துவிட்டது!

உங்கள் வீட்டில்

அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். பக்கத்து வீட்டில் இருக்கலாம். "அழாதே, நீதான் தைரியமாக இருக்க வேண்டும்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். எழுதட்டும், படம் போடட்டும், பாடட்டும்.

எல்லாப் பிள்ளையும் பாரதி ஆகிவிட மாட்டான். ஆனால் நெஞ்சில் கிடக்கும் பாரம் காகிதத்தில் இறங்கினால், எந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

பாரதியார் பாடல் புத்தகம் வீட்டில் இருந்தால், "சுயசரிதை" என்ற பகுதியைத் திருப்புங்கள். "கனவு" அங்கேதான் இருக்கிறது. தமிழ் கொஞ்சம் கடினம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பொருள் சொன்னால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம்.