நீரிலிருந்து வாயு: மின்சாரச் செலவைக் குறைப்பது எவ்வாறு?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று, தென்காசி, சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகளை ஓயாது சுழற்றுகின்றது. இத்தகைய மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயு எடுக்கலாம் என்னும் பேச்சு இப்பொழுது பரவி வருகின்றது. தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025ஆம் ஆண்டு இதற்கென ஒரு மாதிரி நிலையமும் தொடங்கப்பெற்றது. இதனிடையே, "நீரே எரிபொருள்" என்று கூறிச் சிறு கருவிகளை விற்போரும் உளர். ஆகவே இதன் கணக்கை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

அருவி நீர் விழும்போது சக்தி தருகின்றது. விழுந்த நீரை மீண்டும் மலைமேல் ஏற்ற வேண்டுமாயின் நாம் சக்தியைச் செலவிட வேண்டும். நீரைப் பிரிப்பது ஏற்றும் வேலையை ஒக்கும். ஹைட்ரஜன் எரிந்து மீண்டும் நீராவது விழுதலை ஒக்கும். ஏற்றுவதற்குச் செலவிட்டதைவிட அதிகமாக விழும்போது கிடைப்பதில்லை.

காரம் கலந்த நீரில் இரு உலோகத் தகடுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், ஒன்றில் ஹைட்ரஜனும் மற்றொன்றில் பிராணவாயுவும் குமிழிகளாக வெளிப்படும். வாயுவின் அளவை நிர்ணயிப்பது ஆம்பியர். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 லிட்டர் நீரும் 26,600 ஆம்பியர்-மணி மின்னோட்டமும் வேண்டும். இந்த அளவை எவராலும் குறைக்க இயலாது. செலவை ஏற்றுவதும் இறக்குவதும் வோல்ட் ஒன்றே. வெளியிலிருந்து வெப்பம் ஊட்டாதபோது 1.48 வோல்ட்டேனும் தேவை. அப்பொழுது கிலோவுக்குச் சுமார் 39 யூனிட் ஆகும். நடைமுறையில் 1.9 வோல்ட் அளவு வேண்டியிருப்பதால் 50 யூனிட் செலவாகின்றது. மிகுதி 11 யூனிட்டும் வெப்பமாக விரயமாகின்றது. வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கிலோவுக்கு இரண்டரை யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும்.

அதைக் குறைக்கும் வழிகள் நான்கு. முதலாவது, தகட்டிற்கு நிக்கல் பூச்சிட்டு, அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குதல். இதனால் வாயு எளிதில் பிரிகின்றது. இரண்டாவது, திரவத்தின் தடையைக் குறைத்தல். தூய நீர் மின்சாரத்தை நன்கு கடத்தாது. ஆதலின் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை பொட்டாசியம் காரம் சேர்ப்பர். தகடுகளை நெருக்கி, இடையில் மெல்லிய திரையிட்டு, குமிழிகள் தங்காதவாறு திரவத்தைச் சுற்றி ஓடச் செய்வர். மூன்றாவது, திரவத்தை 70 முதல் 90 டிகிரி உஷ்ணத்தில் வைத்திருத்தல். நான்காவது, சிறிய தகட்டில் பெரும் மின்னோட்டத்தைத் திணிக்காமல் தகட்டின் பரப்பைப் பெருக்குதல். இதனால் மின்செலவு குறையுமாயினும், போடும் முதல் அதிகரிக்கும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தே அளவை முடிவு செய்தல் வேண்டும்.

இம்முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. பஞ்சாபில் நங்கல் உரத் தொழிற்சாலை 1961இல் தொடங்கியபோது, பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பிரித்தே உரத்திற்கு வேண்டிய ஹைட்ரஜனை எடுத்தனர். ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 178 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். கிலோவுக்கு 50 யூனிட் என்றால் ஏறத்தாழ 9,000 யூனிட் ஆகின்றது. இத்துணை மின்சாரத்தை உண்ணும் அம்முறையை அங்குப் பின்னர் கைவிட்டனர். வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் டன்னுக்கு 470 யூனிட் மிச்சமாகும் என்பதை எண்ணினால், இச்சிறு சீர்திருத்தங்களின் பெருமை விளங்கும். உழவன் வாங்கும் உரத்தின் விலையும் இதில் அடங்கியுள்ளது.

எனவே, கருவி விற்க வருவோரிடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்போமாக. ஒரு கிலோ வாயுவுக்கு எத்தனை யூனிட்? வேறு வெப்பம் ஊட்டாமல் 39க்குக் குறைவு என்பாராயின் அது மெய்யன்று. கிடைக்கும் வாயு எதற்கு? கிணற்று மோட்டாருக்கும் விளக்கிற்கும் என்றால், மின்சாரத்தை நேரே செலுத்துவதே சிக்கனம். வாயுவாக்கி எஞ்சினில் எரித்தால் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்கு மீள்வதும் அரிது. மேலும், இரு வாயுக்களையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துத் தரும் கருவி, ஒரு தீப்பொறியில் வெடிக்கக் கூடியது. அதனை வீட்டிலோ தறிக்கூடத்திலோ வைத்தல் ஆகாது.

காற்று நமக்கு இலவசமாகக் கிடைக்கலாம். அதிலிருந்து பெறும் மின்சாரம் இலவசமன்று. கணக்கறிந்து செலவிடுவதே கூட்டுறவாளர்க்கு அழகு.