வண்டியைத் தள்ளுவது எது?

மோட்டார் காரை ஓடச் செய்வது எது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "எஞ்சின்" என்று உடனே பதில் வரும். சரிதான். ஆனால் எஞ்சின் இருப்பது முன்னால். பழைய கார்களில் அது சுழற்றுவதோ பின் சக்கரங்களை. இடையில் நடப்பது என்ன என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சு வரை நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழல்கிறது. பட்டறையில் அதை 'ஷாப்ட்' என்பார்கள். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது அதன் வேலை. ஆனால் சக்கரம் சுழன்றால் மட்டும் போதாது. சக்கரம் தரையை உதைத்ததும் பின் அச்சு முன்னோக்கி நகரப் பார்க்கும். அந்த உந்துதல் வண்டியின் சட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த வழியாக? இதற்கு அக்காலத்து வல்லுநர்கள் இரண்டு விடைகள் கண்டார்கள்.

முதலாவது, மூடிய ஷாப்ட். தண்டைக் கனத்த குழாய்க்குள் வைத்து, குழாயின் பின்முனையை அச்சோடு சேர்த்து இறுக்கி விடுவார்கள். முன்முனை கியர்ப்பெட்டியின் பின்புறத்தில் பந்து போன்ற ஒரு மூட்டில் அமர்ந்திருக்கும். உள்ளே தண்டு சுழலும். வெளியே குழாய் தள்ளும். 1908 முதல் 1927 வரை 1 கோடியே 50 லட்சம் வண்டிகளுக்கு மேல் உற்பத்தியான போர்டு 'மாடல் டி' காரில் இருந்தது இம்முறையே. அதன் பின் ஸ்பிரிங் குறுக்காக அமைந்தது. அச்சை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ள அதனால் முடியாது. ஆகவே குழாய் அவசியமாயிற்று. சேறும் தண்ணீரும் தண்டை நெருங்கா என்பது மற்றொரு நன்மை.

ஆனால் மெக்கானிக்கின் பாடுதான் பெரும்பாடு! இத்தகைய போர்டு கார்களில் கியர்ப்பெட்டியைக் கழற்ற வேண்டுமானால், முதலில் பின் அச்சையே அவிழ்த்துப் பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

இரண்டாவது, திறந்த ஷாப்ட். பிரெஞ்சுக் கார் நிறுவனமான ஹாட்ச்கிஸின் பெயரால் இது வழங்குகிறது. குழாய் கிடையாது. தண்டின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் உண்டு. கழற்றுவது எளிது, எடையும் குறைவு. போர்டு கார்கள் 1949-ஆம் ஆண்டு மாடலிலும், செவர்லே 1955-ஆம் ஆண்டு மாடலிலும் இம்முறைக்கு மாறின. பூயிக் கார்களோ 1960 வரை குழாயை விடவில்லை. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனரில் இருந்ததும் திறந்த ஷாப்டே.

சரி, குழாய் போய்விட்டதே, இனி வண்டியைத் தள்ளுவது யார்? பட்டைப் பட்டையாக அடுக்கிய அந்த நீண்ட பின் ஸ்பிரிங்குகள்தாம்! அவற்றின் முன்முனை சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். உந்துதல் முழுவதும் அவ்வழியே செல்கிறது. அச்சு முறுக்கிக் கொள்ளாமல் தடுப்பதும் அவையே.

அன்பர்களே, இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 1985-இல் வந்த புரோட்டோன் சாகா போன்ற கார்களில் எஞ்சின் முன் சக்கரங்களையே சுழற்றுவதால் பின்னால் போகும் ஷாப்ட் இல்லை. ஆனால் லாரிகளிலும் சுமை ஏற்றும் பிக்கப் வண்டிகளிலும் திறந்த ஷாப்டும் பட்டை ஸ்பிரிங்கும் இன்றும் உண்டு. "ஒரு பட்டைதானே முறிந்தது, கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி, ஆட்களை ஏற்றிச் செல்வது பெரும் ஆபத்து. முதன்மைப் பட்டை முறிந்தால் அச்சே இடம் பெயரலாம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தாலும் இதே கதிதான். கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்று ஒலி கேட்டால், ஷாப்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம். ஓடும்போது அது கழன்று தண்டு தரையில் விழுந்தால் என்னவாகும்? உடனே பட்டறையில் காட்டுங்கள்.

பட்டறையில் தொழில் பழகும் தம்பிகளே! எந்தத் திருகைக் கழற்றுவது என்பதோடு நின்று விடாதீர்கள். இந்த உறுப்பு எதைத் தாங்குகிறது, எதைத் தள்ளுகிறது என்றும் கேளுங்கள். உங்கள் கைவேலையை நம்பித்தான் ஒரு குடும்பம் அந்த வண்டியில் ஏறுகிறது.